இடைவெளி அறிதல்

கணினித் திரையில் இரு வீரர் எதிரெதிர் நின்று பொரும் ஸ்டிரீட் பைட்டர் முதலிய சண்டை ஆட்டங்களில் வெல்வதற்கு வேண்டுவது விரலின் வேகமே என்பது பொதுவான அபிப்பிராயம். மாணவர் பலரும் அதனையே நம்பி, விடுதி அறையிற் கதவடைத்துக்கொண்டு, ‘காம்போ’ எனப்படும் தொடரடிகளை நூறு முறை, இருநூறு முறை உருப்போடுகின்றனர். அவ்வுழைப்பை நாம் இகழவில்லை. ஆயினும், மூன்று திங்கள் இவ்வாறு தனித்து உழைத்தபின், முதற் போட்டியில் ஒரு தொடரடியேனும் தொடங்க இடம் பெறாது தோற்று, ‘இது நமக்கு வாராது’ என ஆட்டத்தையே விட்டொழித்த இளைஞர் சிலரை நாம் அறிவோம். அவர்பால் இரக்கம் கொண்டே இதனை எழுதலானோம். முதலடி பட்டாலன்றோ இரண்டாமடி தொடரும்! அம்முதலடி படுவதும் படாததும் இருவர்க்கும் நடுவேயுள்ள இடைவெளியைப் பொறுத்தன.

ஜப்பான் தேசத்துக் காப்காம் நிறுவனத்தார் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்டிரீட் பைட்டர் 2’ என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நாம் தெரிந்தெடுக்கத்தக்க வீரர் எண்மர். அவருள் இந்தியனாகப் புனையப்பெற்ற தால்சிம் என்னும் யோகி தன் கைகால்களை நெடுந்தூரம் நீட்ட வல்லவன். (யோகியின் கழுத்தில் மண்டையோட்டு மாலை அணிவித்த கற்பனையை நாம் மெச்சவில்லை, கையின் நீளத்தையே மெச்சுகின்றோம்.) ருஷிய மல்லனாகிய ஸாங்கீப்போ பற்றிப் பிடிக்குமளவு நெருங்கினாலன்றிப் பெரும் பயன் பெறான். ஒருவனுக்கு அரணாகும் தூரமே மற்றவனுக்குச் சிறையாகின்றது. வாட்பயிற்சியாகிய கெண்டோவில் இவ்விடைவெளியை ஜப்பானியர் ‘மாஆய்’ என்பர். அச்சொல்லையே இவ்வாட்டங்களுக்கும் வழங்குவர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவ்வாட்டங்களில் ஒரு நொடி 60 ‘பிரேம்’களாகப் பகுக்கப்படும். கண்ணாற் கண்ட ஒன்றுக்கு விரல் விடையளிக்க மனிதர்க்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி நொடி செல்லும். அது 12 முதல் 15 பிரேம் ஆகும். குனிந்து உதைக்கும் உதையோ பெரும்பாலும் 10 பிரேமுக்குள் வந்து தைத்துவிடும். ஆகவே உதையைக் கண்டபின் காத்துக்கொள்ளலாம் என்பது நடவாத காரியம். கால் எட்டும் எல்லைக்குச் சற்றே அப்பால் முன்னரே நிற்றல் வேண்டும். நின்றால் எதிரியின் உதை வெறும் வெளியில் வீழும். நீட்டிய காலை மடக்கிக்கொள்ள அவனுக்கு மேலும் பல பிரேம்கள் ஆகும். அதற்குள் அக்காலின்மீதே நாம் அடிக்கலாம். அவ்வளவு விரைவில் விரல் எழுமோ எனின், ‘இவ்வளவு தூரத்தில் இவன் உதைப்பான்’ என்று ஒன்றையே எதிர்நோக்கி நிற்பவனுக்கு எழும். பத்தினை ஒருங்கே எதிர்நோக்கி மயங்குபவனுக்கு எழாது. வேகம் என்று நாம் வியப்பதிற் பெரும்பங்கு இவ்வெதிர்நோக்கேயாகும்.

இஃது இயல்பாய் அமைந்தோர்க்கே வரும், பயிற்சியால் வாராது என்பாரும் உளர். நாம் உடன்படோம். 2023-ஆம் ஆண்டு சீன தேசத்து ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்டிரீட் பைட்டர் 5’ ஆட்டத்திற்குரிய பொற்பதக்கத்தைக் கொரியரான கிம் குவான்வூ வென்றபோது அவர்க்குப் பிராயம் 44. விரல் வேகம் ஒன்றே தலையாயிருப்பின், அப்பிராயத்தில் அவ்வெற்றி கைகூடுமா? நெடுநாட் பழக்கம் கண்ணுக்குக் கற்பித்த அளவையே அவர்க்குத் துணையாயிற்று என்று நாம் எண்ணுகின்றோம்.

அவ்வளவையைப் பெறும் வழி யாது? காம்போவைச் சில வாரம் துறத்தலே முதற்படி. புதிய ஆட்டங்களின் பயிற்சி அரங்கில் தரை கட்டங்கட்டமாகக் கோடிடப்பட்டிருக்கும். நம் வீரனது ஓர் உதை எத்தனை கட்டம் எட்டுகிறது, எதிரியினது எத்தனை என்று முதலில் எண்ணிப் பழகுக. பின்னர், முன்வருதல், பின்செல்லுதல், உதைத்தல் ஆகியவற்றைப் பயிற்சிப் பொம்மைக்குப் பதிவுசெய்து, அது முறைமாறி இயங்குமாறு விட்டு, அதன் உதை தவறும்போது மாத்திரம் அடிக்க. அஃது ஓரளவு கைவந்ததும் கோடில்லாத அரங்குக்கு மாறுக. எண்ணிக்கொண்டிருக்கும்வரை அது கணக்கே. எண்ணுதல் மறந்து கால் தானே நிற்கும் நாளிலேதான் அறிவு கைக்கு இறங்கிற்று எனலாம். இன்னொன்று: தன் வீரனையே பார்த்துக்கொண்டிருத்தல் புதியோர் பெருங்குறை. அவன் எங்குள்ளான் என்பது நமக்குத் தெரிந்ததே. எதிரியின் காலையும் நடுவெளியையுமே நோக்குதல் நலம்.

ஆயினும் பொம்மைக்கு அச்சமில்லை, பொறாமையுமில்லை. பொறுமையிழந்து ஓரடி முன்வைப்பவனும், தோல்விக்கஞ்சிப் பின்வாங்கித் திரையின் மூலையில் அகப்படுபவனும் மனிதனே. ஆதலால் கூட்டாளி இன்றியமையாதவன். லாகூர் நகரத்து அர்ஸ்லான் ஆஷ் 2019-ஆம் ஆண்டில் ‘டெக்கன் 7’ ஆட்டத்தில் ஜப்பானில் நடந்த ஈவோ போட்டியையும், அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் ஈவோவையும் வென்றபோது உலகம் வியந்தது; அவர் தம் ஊர் ஆட்டக்கூடங்களில் தம்மையொத்த வல்லாரோடு பொருது வளர்ந்தவர். இணையவழிப் போட்டியும் நன்றே. ஆனால் தொடர்பின் தாமதம் சில பிரேம்களை விழுங்கிவிடுவதால், தொடக்கத்தில் அருகிருந்து ஆடுவதையே நாம் விரும்புகின்றோம்.

எனவே விடுதி மாணவர்க்கு நாம் கூறுவது இது. இருவர் சேர்ந்து, நடத்தலும் ஒரே உதையுமன்றி வேறெதுவும் செய்வதில்லை என உடன்படிக்கை செய்துகொண்டு, நாள்தோறும் அரைமணி ஆடிப் பாருங்கள். காம்போவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் சூழ நிற்போர் நகைப்பர். இருவர் முன்னும் பின்னும் உலாவுவதன்றித் திரையில் அவர்கள் காணத்தக்கது யாதும் இராது.