நாசிகொறிங் யாருடையது?

ஏ-9 வீதியில் கனகராயன்குளத்தைக் கடக்கும் பயணி, சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்துரொட்டியோடு நாசிகொறிங்கும் கிடைப்பதைக் கண்டு இன்று வியப்பதில்லை. மலாய் மொழியில் ‘நாசி’ என்றால் சோறு, ‘கோரெங்’ என்றால் பொரித்தது. (நமது மூக்குக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை!) ஆயினும் வெளிநாட்டுச் சாப்பாடென்று அதைக் கொத்தைவிட ஒருபடி மேலே வைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பினாங்கின் நாசி கண்டாரைப் பாருங்கள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் கறியையும் காவுதடியில் சுமந்து விற்ற உணவு அது. ‘கண்டார்’ அந்தத் தடியின் பெயர். சிங்கப்பூரின் மீ கோரெங்கிலோ நூடில்ஸ் சீனருடையது, பெயர் மலாய், கைப்பக்குவம் நம்மவருடையது. தெருவோரம் இப்படி விற்றவர்களை அந்நாட்டு அரசு 1970களில் தண்ணீர் வசதியுள்ள உணவங்காடி நிலையங்களில் குடியமர்த்தியது. 2020இல் அந்தப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அவர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு சமைத்தவர்கள்.

நமது கடைகள் பலவும் போத்தல் சோஸை ஊற்றிப் பெயரை மட்டும் இரவல் வாங்குகின்றன. சகோதரிகளே, அதில் என்ன சேர்ந்திருக்கிறது, ஹலாலா என்று கேட்டால் கடைக்காரரும் போத்தலைத்தான் திருப்பிப் பார்ப்பார். மலாய்க்காரர் சேர்க்கும் பெலாச்சான், புளிக்கவைத்த இறால் விழுதுதானே! முல்லைத்தீவுக் கடலில் இறாலுக்குக் குறைவில்லை; வன்னி வயல்களில் நெல்லும் விளைகிறது. சிவப்பரிசிச் சோற்றில் கருவாட்டு இறாலை இடித்துப் போட்டு, மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைக்கட்டும். நாசிகொறிங் என்றே அதை விற்கலாம். பினாங்கில் எவரும் கோபிக்கப் போவதில்லை.