சலுகை உண்டு, பஸ் இல்லை

பஸ் கட்டணம் கூடும்போதும் குறையும்போதும் ஆகக் குறைந்த கட்டணம் எவ்வளவு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நமது தோட்டங்களில் பலருக்கு அந்தக் கட்டணம் பிரதான வீதிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. மேற்பிரிவு லயத்திலிருந்து வீதி வரைக்குமான மூன்று, நான்கு கிலோமீற்றர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆட்டோவுக்குக் கேட்டதைக் கொடுக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும்.

2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவானது. அந்த ஆறு மாதமும் நமது நாட்சம்பளம் 1000 ரூபாவிலேயே நின்றது. பிறகு கட்டணம் ஓரளவு இறங்கியது; சம்பளமும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவானது. ஆனால் அந்த வருடம் டவுன் பாடசாலையிலிருந்து நின்ற பிள்ளைகளில் நாம் அறிந்த சிலர் திரும்பிப் போகவே இல்லை. கொழும்பில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. இ.போ.ச. பஸ்களில் மாணவர்களுக்குக் குறைந்த விலையில் பருவச் சீட்டு கொடுக்கப்படுகிறது; மிகுதிப் பணத்தைத் திறைசேரி கட்டுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்காகவே ஓடும் ‘சிசு செரிய’ பஸ்களில் அரைக் கட்டணம். வருமானம் போதாத கிராமிய வழித்தடங்களில் பஸ் ஓட்டுபவர்களுக்கு ‘கெமி செரிய’ என்ற பெயரில் மானியம் உண்டு. மூன்றும் நல்ல திட்டங்கள். மூன்றும் பஸ் ஓடும் இடத்தில்தான் வேலை செய்யும்.

தோட்டப் பாதைகளில் என்ன ஓடுகிறது? சில இடங்களில் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அதுவும் பெரும்பாலும் தனியார் பஸ். இ.போ.ச. பருவச் சீட்டைத் தனியார் பஸ்ஸில் காட்டிப் பயனில்லை. முழுக் காசும் கொடுக்க வேண்டும். இ.போ.ச. பஸ் வரும் பாதைகளிலும் அது பழுதாகி நின்றால் வேறு பஸ் அனுப்புவார்கள் என்ற நிச்சயம் இல்லை. கையில் சீட்டு இருக்கும், பிள்ளை வீதியில் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வழிக்கு 60 ரூபா என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 120, இருபது பாடசாலை நாட்களுக்கு 2400 ரூபா. இரண்டு பிள்ளைகள் என்றால் 4800. அதாவது 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபா சம்பளத்தில் மூன்றரைப் பேர் பஸ்ஸுக்கே போனது. இதில் ஆட்டோ சேரவில்லை. பாடசாலைகளில் படிப்பிக்கும் நமது தோழர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் திகதி சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் வரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வரும். அந்தக் காய்ச்சல் பதினோராம் திகதி சுகமாகிவிடும்.

இந்த நாட்டில் கல்வி இலவசம், மருத்துவம் இலவசம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர வகுப்பு இல்லை. விஞ்ஞானப் பிரிவு வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போக வேண்டும். கிளினிக்கும் அப்படியே. சீனி வருத்தத்துக்கு மாதம் ஒரு தடவை மருந்தெடுக்கப் போகும் தாய்க்கு மருந்துக்குச் செலவில்லை. ஆனால் ஆட்டோ, பஸ், திரும்பி வருவதற்கு மறுபடி பஸ், ஆட்டோ. அன்றைய பேரும் இல்லை. அதனால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போகிறார்கள். இருக்கிற குளிசையைப் பாதி பாதியாகக் குடிக்கிறார்கள்.

அஸ்வெசும இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 2023 ஜூலையில் அது தொடங்கியபோது வகைக்கு ஏற்ப 2500, 5000, 8500, 15,000 ரூபா என்று நிர்ணயித்தார்கள். சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவும் உண்டு. கிடைப்பவர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அது அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்த காசு. அதிலிருந்து ஆட்டோவுக்கு எடுத்தால் அடுப்பில் குறையும். வீதியோரத்தில் இருக்கும் குடும்பத்துக்கும் மலை உச்சியில் இருக்கும் குடும்பத்துக்கும் ஒரே தொகை கொடுப்பது சமத்துவம் போலத் தெரிந்தாலும், கையில் மிஞ்சுவது ஒரே அளவு இல்லை.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகிறார்களே, இங்கே ஏன் முடியாது என்று மாதர் சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே அந்தச் சலுகை ஓடுவது அரசாங்கப் பேருந்துகளில். இங்கே தனியார் பஸ்கள்தான் அதிகம். அவர்களையும் திட்டத்துக்குள் கொண்டுவந்து, காசை அரசாங்கம் கட்டாவிட்டால் அந்தச் சலுகை நமது பாதைகளில் கடதாசியில்தான் இருக்கும்.

ஆகவே நமது கோரிக்கை வெறும் கட்டணக் குறைப்பு அல்ல. மாணவர் பருவச் சீட்டு தனியார் பஸ்களிலும் செல்ல வேண்டும். சிசு செரிய பஸ்களைத் தோட்டப் பாதைகளுக்கு, பாடசாலை மணிக்குப் பொருந்தும் நேரத்தில், தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒதுக்க வேண்டும். நீண்டகால நோயாளர்களுக்குக் கிளினிக் அட்டையைக் காட்டினால் பயணச் செலவு கிடைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, பஸ் ஏறக்கூடிய பாதை வேண்டும். பாதை தோட்டத்துக்குச் சொந்தம் என்று பிரதேச சபையும், பொதுப்பாதை என்று கம்பனியும் சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விட்டன. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால் தோட்டங்களுக்குள் செலவு செய்யச் சபைகளுக்கு வழி திறந்திருக்கிறது. இனிச் சட்டம் இடம் தரவில்லை என்ற பதிலை நமது பிரதிநிதிகள் ஏற்கக்கூடாது. நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களும் இதில் அடக்கம்.

பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நமக்குக் கதை போதாது, கணக்கு வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் தலைவிமாரும் தத்தமது பிரிவில் டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை, கிளினிக் போகிறவர்கள் எத்தனை, ஒரு பயணத்துக்கு ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் தனித்தனியாக எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன பஸ் வருகிறது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத உயர்தரப் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலையிலிருந்து நின்ற பிள்ளைகளின் விபரத்தையும் விடாதீர்கள். மாத முடிவுக்குள் கொப்பிகளை மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படைக்கவும்.