கர்த்தர் பார்த்துக்குவார் என்று கையைக் கட்டலாமா?

"எதுக்கும்மா சீட்டு, இன்ஷூரன்ஸ் எல்லாம்? விசுவாசம் இருந்தா போதாதா?" எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இன்னொரு பக்கம், மாதக் கணக்கு நோட்டில் இல்லாத ஒரு விருந்தாளி வந்து நின்றாலே முகம் சுருங்கிப் போகிற சகோதரிகளும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பாருமே வேதத்தைப் பாதிதான் வாசிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசு சொல்லியிருப்பது வாஸ்தவம்தான். ஆனால் எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்த கதையும் அதே வேதத்தில்தானே இருக்கிறது? அவரை விசுவாசம் இல்லாதவர் என்று யாராவது சொல்வோமா? மன்னா விழுந்த கதையைப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழு வைத்துவிடும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுத்து வைக்கலாம், மறுநாள் ஓய்வு நாள் என்பதால். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் பக்கம். டிசம்பர் என்றால் எங்களுக்கு எல்லாம் கணக்குப்படிதான். முதலில் வெள்ளையடிப்பு, அப்புறம் துணிமணி, அதன் பிறகு முந்திரிக்கொத்துக்கு மாவு, ராத்திரி கீத பவனி. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் மாட்டிக்கொண்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்குக் கரண்ட் இல்லை, போன் இல்லை. வீட்டுக்குள் கட்டிலுக்கு மேல் தண்ணீர்.

அப்போது கை கொடுத்தது எது தெரியுமா? பிடி அரிசி. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, கோயிலில் காணிக்கையாகப் படைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். அப்படிச் சேர்ந்த அரிசி மாடி அறையில் நனையாமல் இருந்தது. மேட்டுத் தெரு மைனிமார் அதைத்தான் கஞ்சி காய்ச்சி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊற்றினார்கள். வெள்ளம் வரும் என்று யாரும் அந்த அரிசியைச் சேர்க்கவில்லை. ஆனாலும் சேர்ந்திருந்தது.

"பாவத்துக்கு வந்த தண்டனை" என்று சிலர் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டாரே (லூக்கா 13)! பிறகு நாம் யார் தீர்ப்புச் சொல்ல?

இப்போது ரேஷன் கார்டு, பத்திரம், பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பரண் மேல் இருக்கிறது. சீட்டும் கட்டுகிறோம். யாக்கோபு நிருபம் 4-ம் அதிகாரத்தில் வியாபாரத்துக்குப் போகிறவர்களைப் போகாதே என்றா சொல்லியிருக்கிறது? கர்த்தருக்குச் சித்தமானால் போவோம் என்று சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். எங்கள் அத்தை மாதாமாதம் சீட்டுப் பணத்தைக் கொடுக்கும்போது, "சித்தமானா அடுத்த மாசமும் கட்டுவேன்" என்றுதான் சொல்வார்கள். வெள்ளம் வந்த மாதம்கூட அவர்கள் தவணை தவறவில்லை.

- ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்