பாரம் சுமப்பவர் நாம். பாரந்தூக்கி எவர் கையில்?

ஊவாவின் மலைச்சரிவுகளிலே பறிக்கப்படும் கொழுந்து, தொழிற்சாலையில் வாடி, ரோதையில் அரைபட்டு, தேயிலையாகிக் கொழும்புத் துறைமுகத்தை அடைகின்றது. அங்கே வானளாவி நிற்கும் பாரந்தூக்கி அதனைப் பெட்டகத்தோடு தூக்கிக் கப்பலில் ஏற்றுகின்றது. இந்த நெடும் பயணத்திலே மலையகத் தமிழ் மகனுக்கு உரிய பங்கு யாது? கொழுந்து பறிப்பது, கூடை சுமப்பது, கவ்வாத்து வெட்டுவது. யந்திரத்தை வார்க்கும் இடத்திலும், பொருத்தும் இடத்திலும், இயக்கும் இடத்திலும் அவன் எங்கே? இதுவே நாம் எழுப்பும் வினா.

பதுளைக்கு 1924 இல் புகையிரதம் வந்தது. தேயிலையைக் கீழே இறக்கவே அது வந்தது. தொழிற்கல்வியை மேலே ஏற்றுவதற்கு அன்று. உலர்த்தும் யந்திரத்தைப் பெல்பாஸ்ட் நகரின் சிராக்கோ ஆலை வார்த்து அனுப்பியது. ரோலர்களைக் கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பெனி அனுப்பியது. நம்மவர் ரோதைமுனிக்குப் பூசை இட்டனர். யந்திரத்தின் காவல் தெய்வத்தை அறிந்தவனுக்கு யந்திரத்தின் உள்ளுறுப்பை அறிய வழி விடப்படவில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததா? இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோர் ஆக்கியது. அந்நிலையிலேதான், 1958 இல், துறைமுகத்தின் ஏற்றுமதி இறக்குமதி வேலை அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. 1979 இல் துறைமுக அதிகாரசபை தோன்றியபோதும் மலையகத்தில் இலட்சக்கணக்கானோர் குடியுரிமைக்குக் காத்துக் கிடந்தனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தந்தது. சட்டம் கதவைத் திறந்தது. வாசலுக்கு ஏறும் படிக்கட்டை எவர் கட்டினர்? நாட்கூலி 1,000 ரூபாய் என்னும் கோரிக்கை நிறைவேறுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்ததை நாடறியும்.

“பாரந்தூக்கியைப் பதுளையிலே செய்யப் போகின்றீர்களா?” என்று ஏளனம் செய்வோர் உளர். இல்லை ஐயா! அதன் நெடிய உடல் உருக்குத் தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. அதன் கொக்கி அடித்து உருவாக்கப்படுவது. வார்ப்புப் பட்டறையில் பிறப்பதன்று. இதை நாம் அறிவோம். ஆயின் மோட்டார் உறை, மின்பெட்டி மூடி, பித்தளைப் புஷ் போன்ற சிறு பாகங்கள் வார்ப்பிலே பிறப்பவை. தேயிலை ரோலர் மேசையின் பித்தளைச் சட்டங்களும் அவ்வாறே. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி பயிரிடும் விவசாயி வாங்கும் நீர்ப்பம்பியின் அலுமினிய உறையும் அவ்வாறே.

இவற்றை வார்க்கும் முறைகளுள் ஒன்று ‘கிராவிட்டி டைகாஸ்டிங்’. உருகிய உலோகத்தை இரும்பு அச்சிலே ஊற்ற, அது தன் பாரத்தினாலேயே அச்சின் மூலை முடுக்கெல்லாம் சென்று நிரம்புகின்றது. அமுக்கும் பெரும் யந்திரம் வேண்டியதில்லை. மணல் அச்சு ஒரு வார்ப்போடு உடையும். இரும்பு அச்சோ ஆயிரக்கணக்கான வார்ப்புகளைத் தாங்கும். அலுமினியம் உருக 660 பாகை வெப்பம் போதும். கோயம்புத்தூரின் பட்டறைகளும் சென்னையின் ஆலைகளும் தமிழ்த் தொழிலாளர் கையாலேயே இவ்வேலையைச் செய்கின்றன. அங்கே இயலும் கை இங்கே மட்டும் இயலாததாகுமா?

மின்சாரம் இல்லை என்பீர்களா? 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாட் ஆற்றலுடையது. அதன் சுரங்கத்தைத் தோண்டியபோது பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. இழப்பை ஏற்றது ஊவா. அம்மின்சாரத்தால் ஊவாவின் பட்டறையில் ஓர் உலையேனும் எரிய வேண்டாமா?

நாம் பிச்சை கேட்கவில்லை, சட்டத்தையே கேட்கின்றோம். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதி செய்கின்றது. தமிழ் அரசகரும மொழி. பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல முதலிய பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. வர்த்தமானியில் உள்ள தமிழ் வகுப்பறையிலும் இருத்தல் வேண்டும். எனவே நாம் கோருவன மூன்று.

முதலாவது, பதுளையிலே அச்சு வார்ப்புப் பயிற்சிப் பட்டறை ஒன்று, தமிழ்மொழி மூலமும் பயிலத் தக்கதாக அமைக்கப்பட வேண்டும். இரண்டாவது, 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துப் பயன் பெறும் கம்பெனிகள் தம் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களுள் ஒரு பகுதியை அப்பட்டறையிடமே வாங்க வேண்டும். மூன்றாவது, துறைமுக அதிகாரசபையின் மகாபொல பயிற்சி நிலையத்திலே பாரந்தூக்கி இயக்கவும் பழுது பார்க்கவும் பயில்வதற்கான விண்ணப்பம் தமிழில் வெளிவர வேண்டும். தெரிவுப் பரீட்சை பதுளையிலும் நடைபெற வேண்டும்.

அரசு தரும் வரை வாளாவிருத்தல் அறிவுடைமை ஆகாது. பொறியியலாளர்களே, மாதத்தில் இரு நாட்களை மலையக இளைஞருக்குக் கற்பிக்க ஒதுக்குங்கள். சட்டத்தரணிகளே, மொழியுரிமை மீறப்படும் ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்தையும் மனுவாக்குங்கள். விவசாயிகளே, உங்கள் சங்கங்களின் முதற் கட்டளையை உள்ளூர்ப் பட்டறைக்குக் கொடுங்கள். தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளிலே எடுபிடியாகத் தேயும் இளைஞனின் கையில் தொழில் இருந்தால், அவன் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கூடை சுமந்த தாயின் மகன் பாரந்தூக்கியின் ஆசனத்தில் அமரும் நாளே நாம் பெற்ற குடியுரிமை பொருள் பெறும் நாள்!