கருவி இணையவில்லையா? காரணத்தைத் தேடுவோம்



கைப்பேசியால் இயக்கும் மின்விளக்கு, பிளக், குளிர்சாதனக் கட்டுப்பாட்டுக் கருவி, வாசலைப் பார்க்கும் மறைகாணி என்று நம் வீடுகளுக்குள் புதிய கருவிகள் பல வந்துவிட்டன. இவற்றை வாங்குவது எளிது. வீட்டு அருகலையோடு, அதாவது வைஃபையோடு, முதன்முதலில் இணைப்பதுதான் பலருக்கும் பெரும்பாடாக இருக்கிறது. செயலியில் வட்டம் சுழலும். முடிவில் 'இணைப்பு தோல்வி' என்று ஒற்றை வரி வரும். ஏன் தோல்வி என்று அது சொல்லாது.

அப்பொழுது பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கிறது. ஒன்று, அதே பொத்தானைப் பத்து முறை அழுத்திப் பார்க்கிறோம். இரண்டு, 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். மூன்று, தெரிந்தவர் எவரையேனும் அழைத்து வீட்டுக் கடவுச்சொல்லை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். இம்மூன்றில் எதுவும் நம் பிள்ளைகளுக்கு நல்ல பாடம் அன்று. இணையாத கருவி நம் விதியோ ஊழோ அன்று. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து, வீட்டு மொழியிலேயே தேட வேண்டும் என்பதே என் கருத்து.

'தமிழாசிரியருக்கு இது எதற்கு?' எனச் சிலர் கேட்கக்கூடும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொல்கிறது. வகுப்பில் இதை மனனம் செய்விக்கிறோம். வீட்டில் ஒரு விளக்கு எரியாதபோது அதே நெறியைக் கையாளாவிட்டால், கற்பித்தது ஏட்டோடு நின்றுவிடும்.

இனி, பெரும்பாலும் காணப்படும் காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, அலைவரிசை. இன்றைய ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது வேகம் குறைந்தது. ஆயினும் சுவரைக் கடந்து தொலைவு செல்லும். பின்னது வேகமானது, ஆனால் சுவர்களில் விரைவில் வலுவிழக்கும். விலை குறைந்த வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. ரௌட்டர் இரண்டிற்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், கைப்பேசி 5இல் நிற்கும். சில இணைப்பு முறைகளில், அங்கிருந்து அது அனுப்பும் செய்தி கருவியின் காதில் விழாது. ரௌட்டர் அமைப்பில் இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் சூட்டி, கைப்பேசியை 2.4இல் நிறுத்திவிட்டு இணைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இரு வேறு வலையமைப்புகள். இணையச் சேவை நிறுவனம் தந்த ரௌட்டர் ஒன்று. மாடிக்காக நாமே வாங்கி வைத்தது மற்றொன்று. இரண்டும் தனித்தனி வலையமைப்புகளாக இயங்கினால், கீழே உள்ள கைப்பேசியால் மேலே உள்ள கருவியைக் காண முடியாமற் போகலாம். விருந்தினருக்கான அருகலையிலும் இதே சிக்கல் எழும். அதில் சேரும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதவாறு பெரும்பாலும் பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, கைப்பேசி. பல கருவிகள் இணையும்போது சிறிது நேரத்திற்குத் தாமே ஓர் அருகலையை உண்டாக்கும். அதில் இணையம் இராது. 'இங்கே இணையம் இல்லை' என்று கைப்பேசி தானாகவே தொலைத்தொடர்புத் தரவுக்குத் தாவிவிடும். இணைப்பு பாதியில் அறுந்துவிடும். ஆகவே, தரவையும் விபிஎன் இருந்தால் அதையும் அந்த ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். செயலி கேட்கும் அனுமதிகளையும் பாருங்கள். ஐபோன்களில் 2020இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு வலையமைப்பில் உள்ள கருவிகளைத் தேடச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். ஒருமுறை 'வேண்டா' என்று அழுத்தியிருந்தால், அமைப்புக்குள் சென்று நாமே திறந்துவிடவேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு முறை. ரௌட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் தேர்வு செய்யப்பட்டிருந்தால், டபிள்யூபிஏ2 மட்டுமே அறிந்த பழைய கருவி உள்ளே வர இயலாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை பல ரௌட்டர்களில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஐந்தாவது, கருவியின் நிலை. இணையும் நிலையில் கருவி சில நிமிடங்களே காத்திருக்கும். விளக்குச் சிமிட்டல் நின்றுவிட்டால் மீண்டும் தொடக்கநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறர் பயன்படுத்திய கருவியாயின், பழைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து அதை நீக்கும்வரை நம் கணக்கில் சேராமல் போகலாம்.

இவற்றுள் எது காரணம் என்று எப்படி அறிவது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கருவியை ரௌட்டருக்கு அருகே வைத்துத் தொடங்குங்கள். ஒன்றை மாற்றுங்கள், முயலுங்கள், நடந்ததைத் தாளில் எழுதுங்கள். நான்கை ஒருசேர மாற்றி இணைந்துவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் எதனால் இணைந்தது என்பது தெரியாது. அறிவியல் பாடத்தில் மாறிகள் என்று நாம் கற்பிப்பது இதைத்தானே?

இதில் மொழிக்கும் பங்கு உண்டு. செயலி ஆங்கிலத்தில் இருக்கும். ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை அதைப் படித்துவிடும். படித்ததைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாத ஒன்றை எவராலும் விளக்க முடியாது. ஆகவே, விளக்கும் முயற்சியிலேயே பிள்ளைக்குத் தன் ஐயம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் கணினியல் சிந்தனை 2017 முதல் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அதற்கு இதைவிடப் பொருத்தமான வீட்டுப்பாடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

பழியை எல்லாம் பயனர் தலையில் சுமத்துவது நியாயமன்று. காரணம் சொல்லாமல் 'தோல்வி' என்று மட்டும் காட்டும் செயலியைச் செய்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நிறுவனங்களுக்கு இடையே பொதுவான முறை வேண்டுமென்றே 2022 அக்டோபரில் 'மேட்டர்' எனும் தரம் வெளியிடப்பட்டது. நல்ல முயற்சியே. ஆயினும் அருகலையில் சேரும் மேட்டர் கருவிக்கும் சரியான அலைவரிசையும் கடவுச்சொல்லும் வேண்டும். அதனோடு வரும் இணைப்புக் குறியீட்டைத் தொலைத்துவிடாமல் படமெடுத்து வைப்பதும் நம் பொறுப்பே.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. இணையவில்லை என்ற எரிச்சலில் சிலர் கடவுச்சொல்லையே எடுத்துவிடுகிறார்கள். அல்லது, எட்டு முறை ஒரே எண்ணை வைக்கிறார்கள். வேறு சிலர் மறைகாணியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவதே இல்லை. 2016இல் 'மிராய்' எனும் தீநிரல் இத்தகைய மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் மறைகாணிகளையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் பல பெரிய இணையத்தளங்களை முடக்கிய தாக்குதலில் அவை பயன்படுத்தப்பட்டன. தங்கள் வீட்டுக் கருவி அதில் பங்குகொண்டது என்பதை உரிமையாளர்கள் உணர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. சிங்கப்பூர் 2020இல் இத்தகைய கருவிகளுக்கு நான்கு நிலைகள் கொண்ட இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் வைப்பதைச் சட்டத்தால் தடுத்துள்ளது. சட்டம் கடை வரைக்கும் வரும்; நம் வீட்டு ரௌட்டரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்போமா? கடவுச்சொல்லும் சாவிதான். உதவிக்கு வருபவரை வரவேற்போம். கடவுச்சொல்லை நாமே தட்டச்சு செய்வோம். அவர் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேட்டுப் பிள்ளையின் கையால் எழுதி வைப்போம். ஆசிரியர்களே, அந்தக் குறிப்பை மறுநாள் வகுப்பில் வாய்மொழியாக விளக்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

காரணம் கேட்கும் பிள்ளைகளை வளர்ப்போம்.