1930ஆம் ஆண்டுச் சான்றை யாரிடம் கேட்பது?

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவார ஏழைக் குடும்பங்களுக்குக் காடு என்பது விறகும் மேய்ச்சலும் தரும் வாழ்வாதாரம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயங்களுக்கும் பொருந்தும். ஆனால் அது எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பளியர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிறுவினால் போதும். தலித்துகளோ ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’ என்ற பிரிவில், அந்நாளுக்கு முந்தைய 75 ஆண்டுக்கால வாழ்வை, அதாவது 1930 முதலான வாழ்வை நிறுவ வேண்டும். நிலமும் பட்டாவும் எழுத்தறிவும் மறுக்கப்பட்டவர்களிடம் பழைய ஆவணம் கேட்பது, அன்றைய அநீதியை இன்றைய தகுதியின்மையாக்குவதாகும்.

எனினும் ஆவணமின்மை முடிவான தடையன்று. ஊர் முதியோரின் எழுத்து வாக்குமூலம், பழங்கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும் விதி 13 சான்றாக ஏற்கிறது. குறிப்பிட்டதோர் ஆவணத்தையே வற்புறுத்தலாகாது என்கிறது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். உரிமைகோரலைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது, வனத்துறைக்கு அன்று.

முதியோர் மறையுமுன் அவர்களது சாட்சியத்தைப் பதிந்து கிராம சபையில் வைப்பது மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணி.