பாஸ் லினக்ஸுக்கு நாம் நடத்தாத பத்திரிகை

சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்த கணினிகள் பிளஸ் டூ மாணவர்களின் கைக்குப் போயின. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான நாம், அதை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்று மேடைதோறும் பேசி வந்தோம். அது தானாகவே கிராமத்து வீடு வரை போய்ச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே போயிருக்க வேண்டிய நாம் போகவில்லை.

கணினியைத் திறந்ததும் இரண்டு இயங்குதளங்களின் பெயர்கள் திரையில் வரும். எதை எடுப்பது, ஏன் எடுப்பது? தமிழ்99 விசைப்பலகையை எங்கே இயக்குவது? டேட்டா கார்டைச் செருகினால் இணையம் வரவில்லையே, என்ன செய்வது? இவை எல்லாவற்றுக்கும் நமக்கு விடை தெரியும். தெரிந்தவர்கள் போனில் கேட்டால் பொறுமையாகச் சொல்லவும் செய்தோம். ஆனால் சொன்னது கேட்டவரோடு நின்றுபோனது. அதையே எழுதி அச்சிட்டிருந்தால், நம்மில் யாரையுமே தெரியாத ஒரு மாணவிக்கும் அது கிடைத்திருக்கும்.

இப்படி ஒரு பத்திரிகை நடத்த வழிகாட்டும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் அக்கார்ன் நிறுவனத்தின் கணினிகளைப் பயன்படுத்தியவர்களுக்காக 1987இல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' இதழ், அந்த நிறுவனம் கலைந்த பிறகும் அதன் இயங்குதளமான ரிஸ்க் ஓஎஸ்ஸின் பயனர்களைச் சேர்த்து வைத்திருந்தது. உபுண்டு பயனர்கள் 2007இலேயே 'ஃபுல் சர்க்கிள்' இதழைத் தொடங்கினார்கள். நம் மொழியிலேயே 2012 முதல் 'கணியம்' இதழ் வந்தது. அதைப் பெருமையோடு பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் அதற்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தோம்?

விளக்குவது உருவாக்கியவர்களின் வேலை என்று ஒதுங்கினோம். நிரல் எழுதுபவரைக் கொண்டாடினோம். அதைப் புரியும்படி எழுதுபவரை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தோம். நமக்குள் ஆங்கிலத்திலேயே பேசி, அதுவே எல்லாருக்கும் போதும் என்று இருந்துவிட்டோம். பள்ளிக் கணினி ஆசிரியர்களைக் கூட்டங்களுக்கு அழைத்துப் பாடம் நடத்தினோமே தவிர, வகுப்பறையில் என்ன சிக்கல் என்று அவர்களை எழுதச் சொல்லவில்லை. இயங்குதளம் கைக்கு வந்தால் மட்டும் போதாது, அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருக்கவில்லை.

அன்று பள்ளி முடித்தவர்களுக்கு அந்த ஆண்டுகளை இனி நம்மால் திருப்பித் தர முடியாது. ஆனால் பாஸ் லினக்ஸ் அதன் பிறகும் புதிய பதிப்புகளைக் கண்டிருக்கிறது. ஆகவே அதற்கான பத்திரிகையை இப்போதாவது தொடங்குவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எட்டுப் பக்கம் போதும். பள்ளியில் நகலெடுத்து ஒட்டும்படி கறுப்பு வெள்ளையில் இருக்கட்டும். ஒவ்வொரு குறிப்பும் எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்று அதன் அடியில் அச்சிடுவோம். யாரும் நகலெடுக்க, திருத்த, மறுபடி வெளியிட உரிமை தருவோம். ஆசிரியர் குழுவில் பாதிப் பேர் பள்ளி ஆசிரியர்களாக இருக்க வேண்டும். முதல் இதழின் கேள்விகளை அவர்களிடமிருந்தே வாங்குவோம். பதில் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது நம் கடன்.